மாஸ்லோவும் அகதி ஆசான்களும்

ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த யூதக் குடும்பமொன்றின் மூத்த மகனாக, 1908 ஏப்ரலில் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் ஆபிரகாம் மாஸ்லோ. முதலில் குரங்குகளின் நடத்தையையே ஆராய்ந்தார். 1935இல் அவர் நியூயோர்க் திரும்பியபோது, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பிய அறிஞர் பலர் அந்நகரில் அடைக்கலம் பெற்றிருந்தனர். அவர்களுள் வேர்தைமர் போன்றோரிடம் மாஸ்லோ பாடங்கேட்டார்.

1943இல் வெளியிட்ட கட்டுரையில் மனிதத் தேவைகளைப் படிநிலைப்படுத்தினார்: உடற்தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன் ஆற்றலை முழுதும் மெய்ப்படுத்தும் தன்னியல் நிறைவு. (பாடநூல்களில் காணும் கூம்பு அவர் வரைந்ததன்று.) உச்சிப்படியின் பெயரை அவர் பெற்றது நரம்பியல் மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைனிடமிருந்து. கோல்ட்ஸ்டைனோ 1933இல் பேர்லினில் கைதாகி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்ற நிபந்தனையில் விடுபட்டு, அம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்தவர். பதவியும் நாடும் இழந்த அந்நிலையிலேயே தம் முதன்மை நூலை எழுதி முடித்தார்; 1934இல் அது வெளிவந்தது. இரண்டாம் படியாகிய பாதுகாப்புக் கிட்டுமுன்னரே அவர் ஐந்தாம் படியில் நின்றார் என்றே நாம் கருதுகிறோம். வரிசை இறுக்கமானதன்று என மாஸ்லோவும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். விரிவுரை மண்டபங்களில் அப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

1951 முதல் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மாஸ்லோ, 1970 யூன் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் மாரடைப்பால் காலமானார்.