வல்லரசின் வாயிலில் ஒரு சிறுநாடு

அண்டை நாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்நாட்டிற்கும் வாய்ப்பதில்லை. இவ்வுண்மையை மறவாது ஒழுகித் தம் தாயகத்தின் தன்னாட்சியைக் காத்த பெருமகனார், பின்லாந்தின் குடியரசுத் தலைவராய் விளங்கிய யூஹோ குஸ்தி பாசிகிவி ஆவார்.

பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த 1870ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வங்கித் தலைவராகவும் பணியாற்றினார். 1917இல் நாடு விடுதலை பெற்றபின், 1920இல் சோவியத் ரஷ்யாவுடன் தார்த்து நகரில் அமைதி உடன்படிக்கை செய்த குழுவிற்குத் தலைமை தாங்கினார்.

1939இல் லெனின்கிராடு நகரின் பாதுகாப்பைக் காரணங்காட்டி, எல்லையை மாற்றியமைக்குமாறு ஸ்டாலின் கோரினார். பேச்சு நடத்த மாஸ்கோ சென்ற பாசிகிவி, ஓரளவு விட்டுக்கொடுத்துப் போரைத் தவிர்க்கலாம் எனக் கருதினார். ஆயின் அவர் அறிவுரை ஏற்கப்படவில்லை. நவம்பர் 30ஆம் நாள் சோவியத் படை பாய்ந்தது. பின்லாந்து மக்கள் 105 நாள்கள் வீரத்துடன் பொருதனர். எனினும் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பறிபோயிற்று. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 1941இல் ஜெர்மனியின் பக்கம் நின்று மீண்டும் போரிட்ட நாடு, 1944இல் தோல்வியை ஏற்றது.

அவ்விக்கட்டான வேளையில், எழுபத்து நான்கு வயதை எட்டவிருந்த முதியவர் பிரதமர் பொறுப்பை ஏற்றார். 1946இல் குடியரசுத் தலைவரானார். 30 கோடி டாலர் இழப்பீடு கப்பல்களாகவும் இயந்திரங்களாகவும் 1952க்குள் செலுத்தி முடிக்கப்பட்டது. சோவியத் ஐயத்தைத் தவிர்க்க, 1947இல் அமெரிக்காவின் மார்ஷல் உதவியும் மறுக்கப்பட்டது. போர்க்காலத் தலைவர்கள், பின்னர் இயற்றப்பட்ட சட்டமொன்றால் தண்டிக்கப்பட்டமை அவரது ஆட்சிக்காலத்தின் கசப்பான பக்கமாகும். அவர்களுள் ஒருவரான முன்னாள் குடியரசுத் தலைவர் ரூதிக்கு 1949இல் அவரே மன்னிப்பு வழங்கினார்.

1948இல் ஸ்டாலின் நட்புறவு உடன்படிக்கைக்கு அழைத்தபோது, அதனை மறுக்கவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்து வழியே தாக்கினால் மட்டும், தன் எல்லைக்குள் போரிடும் கடமையே நாட்டிற்கு என வரையறுக்கச் செய்தார். வல்லரசுகளின் பூசலிலிருந்து விலகி நிற்கும் பின்லாந்தின் விருப்பமும் அதில் இடம்பெற்றது. ஐம்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த போர்க்கலா தளம் 1956இல் திரும்பக் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் பதவி நிறைவுற்ற அவர், டிசம்பர் 14ஆம் நாள் மறைந்தார்.

அவ்வுடன்படிக்கை 1992இல் முடிவுற்றது. 2023இல் பின்லாந்து நேட்டோவில் இணைந்தது. காலம் மாறக் கொள்கையும் மாறியது. எனினும், எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது எனப் பகுத்தறிந்த அம்முதியவரின் தெளிவே, சிறுநாடு ஒன்று தலைநிமிர்ந்து வாழ வழிவகுத்தது. பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை மாணவச் செல்வங்கள் அவர் வாழ்வினின்று கற்றுக்கொள்வார்களாக!