அறிகுறி வேறு, தீர்ப்பு வேறு!

பேறுகாலம் நெருங்கும் பெண்களின் ஸ்கேன் அறிக்கையில், நஞ்சுக்கொடியின் முதிர்ச்சி மூன்றாம் நிலை என்றொரு வரி காணப்படுவதுண்டு. மருத்துவரைச் சந்திக்கும் முன்பே அதைப் படித்துவிடும் குடும்பத்தினர், நஞ்சுக்கொடி மூப்படைந்துவிட்டது, குழந்தைக்கு ஆபத்து என்று கலங்குகின்றனர். உடனே அறுவை சிகிச்சை செய்துவிடலாமே என்று கேட்போரும் உண்டு.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் மருத்துவன் அல்லன். ஆனால், ஓர் அறிகுறியை எப்படிப் படிப்பது என்பது என் துறைக்கும் உரிய கேள்வி. அதை எண்ணும்போதெல்லாம், மீயொலிக் கருவியை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்த இயான் டொனால்டின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது.

1910-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர் டொனால்டு. தென்னாப்பிரிக்காவிலும் கல்வி பயின்று, 1937-இல் லண்டனில் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றிய அவர், தீப்பற்றிய விமானத்திலிருந்து வீரர்களை மீட்டதற்காக விருது பெற்றார். ரேடார், சோனார் ஆகிய தொழில்நுட்பங்கள் அவருக்கு அறிமுகமானதும் அங்கேதான்.

போர் முடிந்தபின் அவர் கவனம், பிறந்ததும் மூச்சுவிடத் திணறும் சிசுக்கள் மீது சென்றது. அவர்களுக்கெனச் சுவாசக் கருவிகளை உருவாக்கினார். உரிய காலத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தையின் நுரையீரல் படும் பாட்டை அவர் நேரில் கண்டவர்.

1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார். அருகிலுள்ள ரென்ஃப்ரூவில் கொதிகலன் தயாரிக்கும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலையில், உலோகத்தில் உள்ள விரிசலை மீயொலியால் கண்டறிந்தனர். 1955 ஜூலையில், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே சென்றார் டொனால்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைக்கப்பட்டது. நீர்க்கட்டியின் எதிரொலி ஒருவிதமாகவும், திண்மையான கட்டியின் எதிரொலி வேறுவிதமாகவும் வந்தன. எந்த எதிரொலி எதைக் குறிக்கிறது என்பதைக் கண்முன் இருந்த பொருளோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவர் அடுத்த அடி வைத்தார்.

பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விக்கர் ஆகியோர் அவருடன் இணைந்தனர். வயிற்றில் குணப்படுத்த முடியாத புற்றுநோய் எனக் கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணைக் கருவியால் சோதித்தபோது, அது கருப்பை அருகே வளர்ந்த சினைப்பை நீர்க்கட்டி எனத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் அப்பெண் பிழைத்தார். 1958-இல் மூவரின் ஆய்வுக் கட்டுரை லான்செட் இதழில் வெளியானது. நிறைந்த சிறுநீர்ப்பையின் ஊடாக ஒலியைச் செலுத்தினால் தொடக்கநிலைக் கருவையும் காணலாம் என்று கண்டறிந்தவரும் அவரே. ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். 1960-களில் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தையும் மீயொலியால் அறிய முடிந்தது. அது கருப்பை வாயை மறைத்திருப்பதை முன்கூட்டியே அறிவது, பெருமளவு இரத்தப்போக்கிலிருந்து தாயைக் காக்க உதவும்.

டொனால்டு 1976-இல் ஓய்வுபெற்றார். 1979-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஸ்கேனில் தென்படும் சுண்ணப் படிவுகளையும் மடிப்புகளையும் கொண்டு நஞ்சுக்கொடியின் முதிர்ச்சியைப் பூஜ்யம் முதல் மூன்று வரை வகைப்படுத்தினர். மூன்றாம் நிலையை எட்டினால் குழந்தையின் நுரையீரலும் முதிர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம் என்று நம்பப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு விதிவிலக்குகளைக் காட்டின.

மாதம் நிறையும் காலத்தில் மூன்றாம் நிலை இயல்பானதே. தலைமுடி நரைப்பதைப் போன்றது. பல வாரங்கள் முன்னதாகவே அது தென்பட்டால் தாயின் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றோடு தொடர்பு இருக்கக்கூடும். கூடுதல் கவனம் தேவை. அப்போதும் குழந்தையின் எடை, பனிக்குட நீரின் அளவு, டாப்ளர் சோதனை காட்டும் இரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார். குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும், அறிக்கை என்ன சொன்னாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விலைவாசிக் குறியீடு ஒன்றை மட்டும் வைத்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எடைபோடும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தந்ததில்லை. ஒற்றை வரியைக் கொண்டு பேற்றின் நாளைக் குறிப்பதும் அத்தகையதே. அவசரத்தின் விலையைச் செலுத்துவது மூச்சுக்குத் திணறும் சிசுவாக இருக்கலாம்.

1987-இல் டொனால்டு மறைந்தார். அவர் தந்த கருவி இன்று சிற்றூர்கள்வரை வந்துவிட்டது. எதிரொலியை மெய்ப்பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்த அவருடைய நிதானமும் அதனுடன் வந்து சேர வேண்டும்.