கண்களுக்குப் பாடம் சொன்ன டாக்டர்

உளுந்து புடைக்கும் பெண்ணின் கண் எப்படிப்பட்டது என்று கரிசல் சீமையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறத்திலே ஆயிரம் மணி உருளும். அவற்றின் நடுவே ஒரு கல் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது! அது பிறவியிலே வந்த கண் அல்ல. பழக்கத்திலே வந்த கண்.

பல்லாயிரம் உயிரணுக்களின் நடுவே கெட்டுப்போன ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கும் கண்ணை உலகத்து வைத்தியர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகோலா. பெண்களின் கருப்பைவாயில் வரும் புற்றுநோயை, அது முற்றுவதற்கு முன்பே காட்டிக் கொடுக்கும் 'பாப்' பரிசோதனை, அவர் பெயரின் தலைப்பகுதியைத் தாங்கி நிற்கிறது.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

கிரேக்க நாட்டிலே யூபியா என்று ஒரு தீவு. அங்கே கிமி என்னும் ஊரில் 1883-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி பாப்பனிகோலா பிறந்தார். தகப்பனார் டாக்டர். மகனும் ஏதென்ஸ் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து, 1904-ல் தேறினார்.

ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பணம் சேர்ப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆராய்ச்சியே அவரை இழுத்தது. ஜெர்மனிக்குச் சென்று, மியூனிக் நகரில் 1910-ல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆந்த்ரோமாகி என்ற பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் மேரி என்று அழைக்கப்பட்ட இந்த அம்மையார்தான் கடைசி வரை அவருக்கு வலது கையாக இருந்தவர்.

கம்பளக் கடையில் ஒரு நாள்

பால்கன் யுத்தத்தில் ராணுவ டாக்டராகப் பணியாற்றிய பின், 1913-ல் தம்பதிகள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. கையில் காசும் அதிகம் இல்லை.

இரண்டு பட்டம் பெற்ற டாக்டர், நியூயார்க்கில் ஒரு பெரிய கடையிலே கம்பளம் விற்கப் போனார். ஒரே நாளில் அந்த வேலையை விட்டார்! அதே கடையில் மேரி அம்மையார் பொத்தான் தைத்தார். உணவு விடுதிகளில் வயலின் வாசித்தும், கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தும் டாக்டர் காலம் தள்ளினார்.

1914-ல் கதவு திறந்தது. நியூயார்க் ஆஸ்பத்திரியிலும், பிறகு கார்னெல் வைத்தியக் கல்லூரியிலும் வேலை கிடைத்தது. மேரி அம்மையாரும் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே உழைக்கத் தொடங்கினார்.

சிறு பிராணி சொன்ன ரகசியம்

கினிப்பன்றி என்பது முயலைப் போன்ற ஒரு சிறு பிராணி. அதன் கருமுட்டை எந்த நாளில் முதிர்கிறது என்று அறிய, அதுவரை அதைக் கொன்றே பார்த்தார்கள். கொல்லாமலே அறிய முடியாதா என்று பாப்பனிகோலா யோசித்தார். அதன் பிறப்புறுப்பின் நீரைத் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். நாளுக்கு நாள் உயிரணுக்களின் உருவம் மாறுவது தெரிந்தது! 1917-ல் இதை ஸ்டாக்கார்டு என்ற பேராசிரியருடன் சேர்ந்து வெளியிட்டார்.

பெண்களிடமும் இப்படி மாறுதல் உண்டா? 1920-ல் அந்த ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. முதல் துணை மேரி அம்மையாரே. இருபது ஆண்டுகளுக்கு மேல் தம்மையே பரிசோதனைக்குக் கொடுத்தார் அந்த உத்தமி.

1925-ல் மேலும் பல பெண்களைச் சோதித்தபோது, சில தகடுகளில் விபரீதமான உயிரணுக்கள் தென்பட்டன. உட்கரு பெருத்து, கறுத்து, கோணல்மாணலாக இருந்தது. அவை புற்றுநோயின் அணுக்கள்!

காது கொடுக்காத உலகம்

1928-ல் பேட்டில் கிரீக் என்ற ஊரில் நடந்த மகாநாட்டில் இதை அறிவித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. சதையை வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் புற்றுநோய் தெரியும் என்பது அந்நாளைய நம்பிக்கை. உதிர்ந்த அணுக்களை வைத்து என்ன சொல்ல முடியும் என்று ஒதுக்கி விட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், ருமேனியாவில் ஆரல் பாபேஷ் என்ற டாக்டரும் தனியாக இதே வழியைக் கண்டார். அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் பாப்பனிகோலா காத்திருந்தார். 1939-ல் டிராட் என்ற பெண்நோய் நிபுணர் துணை சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்நோயாளிகள் யாவருக்கும் தகடு எடுக்கப்பட்டது. வெளியே ஒரு குறியும் தெரியாத பெண்களிடத்திலும் நோய் பிடிபட்டது! 1941-ல் கட்டுரை, 1943-ல் புத்தகம். உலகம் விழித்துக்கொண்டது.

தகடு பேசுமா?

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை துவங்கியது. தகடு எடுப்பது சில நிமிஷ வேலை. அதைப் படிக்க ஆள் வேண்டுமே! பழகாத கண்ணுக்குத் தகடு ஊமை. கெட்ட அணுவைத் தப்ப விட்டால் ஒரு தாய் சாவாள். நல்ல அணுவைக் கெட்டது என்றால் ஒரு குடும்பம் கலங்கும்.

ஆகவே அவர் ஆசிரியர் ஆனார். ஆய்வுக்கூட டாக்டர்களும் உதவியாளர்களும் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். அவர் வகுத்த சாயமுறையில் உட்கரு நீலமாகவும், சுற்றியுள்ள பகுதி பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களிலும் தெளிவாகத் தெரியும். தகட்டை ஈரம் காயுமுன் சாராயத்தில் நனைத்துவிட்டால் அணுக்கள் உருக்குலையாது. தகடு ஊர்விட்டு ஊர் போகலாம். நோயாளி அலைய வேண்டாம்.

1954-ல் அவர் வெளியிட்ட அணுப் படத்தொகுப்பு, நேரில் வர முடியாதவர்களுக்கும் பாடப் புத்தகம் ஆயிற்று. கற்றவர்கள் தங்கள் ஊர் சென்று மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். தகடு படிப்பதே தனித் தொழிலாக வளர்ந்தது. நல்ல ஏற்பாட்டுடன் இச்சோதனை நடந்த நாடுகளில் இந்நோயால் சாவோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1961-ல் மயாமி நகருக்குச் சென்று புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 1962-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி மாரடைப்பால் காலமானார். பிற்காலத்தில் கிரேக்க நாடு தன் 10,000 டிராக்மா நோட்டில் அவர் உருவத்தை அச்சிட்டுப் பெருமை செய்தது.

நம் பக்கத்திலே

சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது 1954-ல். ஆயினும் கிராமந்தோறும் தகடு படிக்க ஆள் கிடைப்பது எளிதல்ல. எனவே வேறொரு வழியும் வந்தது. கருப்பைவாயில் நீர்த்த அசிடிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று நர்சு பார்ப்பார். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செய்த இச்சோதனையால் இந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியாயிற்று. இங்கும் முதலில் நடந்தது, நர்சுகளின் கண்ணைப் பழக்கியதுதான்!

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது பாப்பனிகோலா மறைந்த பிறகே தெளிவாயிற்று. இன்று அந்த வைரஸையே தேடும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகச் சிபாரிசு செய்கிறது. சந்தேகம் எழுந்தால், சதைச் சோதனையே முடிவு சொல்லும்.

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கும், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பருத்திக் காட்டுக்கும் போகும் பெண்கள், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று உதிரப்போக்கைக்கூட மறைத்து வைப்பது உண்டு. முப்பது வயதைக் கடந்த பெண், உடம்பில் ஒரு குறையும் இல்லாதபோதே சோதனை செய்து கொள்ள வேண்டும். நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்டால் உயிர் பிழைக்கும்!