பிரான்சிஸ்கோ சேவியர் டி பால்மிஸ்

பிரான்சிஸ்கோ சேவியர் டி பால்மிஸ் (டிசம்பர் 2, 1753 – பெப்ரவரி 12, 1819) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இராணுவ அறுவை மருத்துவர் ஆவார். பெரியம்மைக்கான அம்மைப்பாலை ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பிலிப்பைன்சுக்கும் கட்டணமின்றிக் கொண்டுசென்ற அரச மருத்துவப் பயணத்தின் (1803–1806) தலைவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஸ்பெயினின் அலிக்காந்தே நகரில் பிறந்தார். இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்து பின்னர் மெக்சிக்கோ சென்று அங்கு மருத்துவமனைகளில் பணியாற்றினார். கற்றாழை இனத் தாவரங்களைப் பாலியல் நோய்களுக்கு மருந்தாகப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தார். நாடு திரும்பிய பின் அரண்மனை மருத்துவர்களுள் ஒருவரானார். எட்வர்ட் ஜென்னர் 1798 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பை விளக்கிப் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட நூலொன்றை 1803 இல் ஸ்பானிய மொழியில் பெயர்த்தார்.

பயணத்தின் பின்னணி

மன்னர் நான்காம் சார்லசின் குடும்பத்திலேயே பெரியம்மை உயிர்ப்பலி கொண்டிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் நோய் பரவியபோது, அரச கருவூலச் செலவில் அம்மைப்பாலை அனுப்ப மன்னர் இசைந்தார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இலவசமாகக் குத்துதல், உள்ளூர் மருத்துவர்களுக்கு முறையைக் கற்பித்தல், நகரந்தோறும் அம்மைப்பால் குழுக்களை அமைத்தல் ஆகியன இப்பயணத்தின் நோக்கங்களாகும்.

குளிர்பதன வசதி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பாலைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எளிதன்று. கண்ணாடித் தகடுகளில் உலர்த்தி அடைத்த பால் வெப்பத்தில் வீரியம் இழந்தது. எனவே முன்பு அம்மை காணாத சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவர் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஏறத்தாழ ஒன்பது, பத்து நாட்களில் அடுத்தவர் கையில் குத்தும் முறை கையாளப்பட்டது. ஒரு கொப்புளம் பழுதானாலும் சங்கிலி அறாதிருக்க ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்தினர்.

1803 நவம்பர் 30 அன்று மரியா பிட்டா என்ற கப்பல் லா கொருணா துறைமுகத்திலிருந்து 22 சிறுவர்களுடன் புறப்பட்டது. இவர்கள் பெரும்பாலும் பெற்றோரால் கைவிடப்பட்டோர். இவர்களைப் பேணும் பொறுப்பு அநாதை இல்லத் தலைவி இசபெல் செந்தாலிடம் இருந்தது. அவருடைய மகனும் அச்சிறுவர்களுள் ஒருவன்.

அமெரிக்காவில்

1804 பெப்ரவரியில் புவேர்ட்டோ ரிக்கோவை அடைந்தபோது, பிரான்சிஸ்கோ ஒயேர் என்ற மருத்துவர் அண்டைத் தீவிலிருந்து அம்மைப்பாலைப் பெற்று முன்னரே குத்தத் தொடங்கியிருந்தார். பால்மிஸ் அவரது முறையில் குறை கண்டு ஆளுநருடன் பிணங்கினார். முன்கோபமும் முதன்மை வேட்கையும் இவருடைய பெருங்குறைகள் எனலாம். இப்பிணக்கின் பின் புறப்பட்ட கப்பல் வெனிசுவேலாவின் புவேர்ட்டோ கபேயோவை அடைந்தபோது பயன்படத்தக்க கொப்புளம் ஒரே ஒரு சிறுவன் கையில்தான் எஞ்சியிருந்தது.

கரகாஸ் நகரில் பால்மிஸ் அமைத்த குழு பிற ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. குத்தப்பட்டோரைப் பதிவேட்டில் குறித்தல், குறிப்பிட்ட இடைவெளிகளில் புதியவர்களுக்குக் குத்திப் பாலைத் தொடர்ந்து உயிர்ப்புடன் வைத்தல் ஆகியன அதன் கடமைகள். ஒரு முறை கப்பல் வந்து போவதுடன் நோய் ஒழியாது என்பதை உணர்ந்து செய்த இவ்வேற்பாடே பயணத்தின் நிலைத்த பயன்.

அங்கு பயணக்குழு இரண்டாகப் பிரிந்தது. துணைத்தலைவர் ஓசே சால்வனி தென் அமெரிக்காவிற்குள் சென்றார். லிமா நகரில் அவர் எதிர்கொண்ட இடையூறு குறிப்பிடத்தக்கது. புவெனஸ் அயர்சிலிருந்து அம்மைப்பால் அங்கு முன்னரே வந்து விலைபொருளாகியிருந்தமையால் இலவசமாகக் குத்த வந்தவருக்கு எதிர்ப்பே கிடைத்தது. நோயுற்றும் ஒரு கண் பார்வை இழந்தும் பணியைத் தொடர்ந்த அவர் 1810 இல் கொச்சபம்பாவில் இறந்தார்.

பால்மிஸ் கியூபா வழியாக மெக்சிக்கோ சென்றார். அவானாவில் சிறுவர்கள் கிடைக்காமையால் மூன்று அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கி அவர்கள் கைவழியே பாலைக் கடத்தினார். பின்னர் அவர்கள் விற்கப்பட்டனர். எல்லோருக்கும் இலவசம் என அறிவிக்கப்பட்ட மருந்தின் சுமையை மறுக்கும் வாய்ப்பற்றோரே தாங்கினர் என்பது இப்பயணத்தின் மீதான முதன்மையான திறனாய்வாகும்.

ஆசியாவில்

1805 பெப்ரவரியில் மெக்சிக்கோச் சிறுவர்கள் 26 பேருடன் அக்காபுல்கோவிலிருந்து புறப்பட்டு ஏப்ரலில் மணிலாவை அடைந்தார். கப்பலில் சிறுவர்கள் அழுக்கான தரையில் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்டதையும், மோசமான உணவு தரப்பட்டதையும் கண்டித்து முறையிட்டார். அவர்கள் 1807 இல் தாயகம் திரும்பினர். ஸ்பெயினிலிருந்து வந்த சிறுவர்களோ மெக்சிக்கோவிலேயே விடப்பட்டனர்.

மணிலாவிலிருந்து மக்காவுக்கும் கன்டனுக்கும் அம்மைப்பாலைக் கொண்டுசென்றார். திரும்பும் வழியில், ஸ்பெயினுடன் போரிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரின் செயிண்ட் எலனா தீவிலும் குத்தினார். 1806 செப்டம்பரில் மன்னரைச் சந்தித்தார்.

இறுதிக்காலம்

1808 இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைக் கைப்பற்றியபோது, யோசப் போனபார்ட்டுக்குப் பணிய மறுத்தமையால் இவருடைய உடைமைகள் பறிபோயின. 1810 இல் மீண்டும் மெக்சிக்கோ சென்று அம்மைப்பால் குழுக்களின் நிலையை ஆராய்ந்தார். 1819 இல் மத்ரித்தில் காலமானார். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது ஸ்பெயின் இராணுவம் மேற்கொண்ட உதவி நடவடிக்கைக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது.