வண்ணத்தில் போரைக் கண்டவர்: ஜெர்வே கூர்தெல்மோன்

முதல் உலகப் போரை எண்ணும்போதெல்லாம் அது கறுப்பும் வெள்ளையுமாகவே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. பதுங்குகுழிகளும் சேறும் இடிந்த கோபுரங்களும் சாம்பல் பூசியவை போலவே நமக்குப் பழகிவிட்டன. அன்றைய புகைப்படக் கருவி நமக்குத் தந்த மயக்கம் இது. அந்தப் போரிலும் வானம் நீலமாகவே இருந்தது. புல் பச்சையாகவே வளர்ந்தது. 1914 ஆகஸ்டில் களம் புகுந்த பிரெஞ்சுக் காலாட்படை வீரன் செந்நிறக் காற்சட்டை அணிந்திருந்தான். நெடுந்தொலைவிலிருந்தே பகைவன் கண்ணுக்குப் புலப்பட்ட அந்தச் சிவப்பு, ஆயிரக்கணக்கான இளைஞரின் உயிருக்கு உலையாயிற்று. 1915இல்தான் அடிவானத்தின் வெளிர்நீலத்தை ஒத்த சீருடை பரவலாக வழங்கப்பட்டது. ஒரு படைவீரனின் வாழ்வும் சாவும் துணியின் நிறத்தில் தங்கியிருந்த காலத்தை நிறமின்றிப் புரிந்துகொள்ள இயலுமா?

அந்நிறங்களைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து வைத்த மிகச் சிலருள் ஒருவர் ஜூல் ஜெர்வே கூர்தெல்மோன். போர்க்களத்திற்கு வருமுன் இவர் கடந்து வந்த பாதை நம்போன்றோர்க்கு மிகவும் சுவையானது. இவர் இஸ்லாத்தைத் தழுவிப் புனித மக்கா சென்று வந்தவர்.

1863ஆம் ஆண்டு பாரிசுக்குத் தென்கிழக்கே சேன்-எ-மார்ன் மாவட்டத்தில், ஃபோந்தேன்ப்ளோவை அடுத்த ஆவோன் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்ததோ அல்ஜீரியாவில். பாங்கொலி கேட்கும் தெருக்களிலும் அரபுக் கடைவீதிகளிலும் இளமையைக் கழித்த அவருக்குக் கீழை நாடுகளின்மீது எழுந்த பற்று இறுதிவரை நீங்கவில்லை. அல்ஜீரியாவின் கலையையும் காட்சிகளையும் படங்களோடு விளக்கும் இதழொன்றை 1890களின் தொடக்கத்தில் நடத்தினார். 1894இல் மக்காப் பயணம் மேற்கொண்டார். மறைத்து எடுத்துச் சென்ற கருவியால் அங்கே படங்கள் எடுத்தார். 1896இல் அப்பயணத்தை நூலாக வெளியிட்டார். மக்காவை முதலில் படமெடுத்தவர் இவரே என்று சிலர் எழுதுவது பிழை. எகிப்தியப் படை அதிகாரி முகம்மது சாதிக் பே 1880ஆம் ஆண்டளவிலேயே அப்பணியைச் செய்துவிட்டார்.

இவர் இஸ்லாத்தை ஏற்றது உளமார்ந்த செயலா, பயணத்திற்கென அணிந்த போர்வையா என்று ஆய்வாளர் வினவுவதுண்டு. ஆட்சி செய்யும் நாட்டின் குடிமகன், ஆளப்படும் மக்களின் புனித நகருக்குள் கருவியை ஒளித்து எடுத்துச் சென்றால் ஐயம் எழுவது இயல்பே. நெஞ்சத்தில் உள்ளதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அதில் தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் முஸ்லிம் மக்களை வேடிக்கைப் பொருளாக்கி நகையாடிய அக்கால ஐரோப்பியப் பயணிகள் பலரினின்றும் இவர் வேறுபட்டு நின்றார் என்பதே என் கருத்து.

1907இல் லூமியேர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்னும் வண்ணத் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் செய்முறை வியப்புக்குரியது. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய மூன்று சாயங்களில் தோய்த்து ஒன்றாகக் கலப்பர். அக்கலவையைக் கண்ணாடியின்மீது ஒற்றை அடுக்காகப் பரப்பி, மணிகளுக்கு இடைப்பட்ட வெளிகளைக் கரித்தூளால் அடைப்பர். அதன்மேல் ஒளியுணர் பூச்சு அமையும். ஒளி அம்மணிகளின் ஊடாகச் சென்று பதியும். பின்னர் அதே மணிகளின் ஊடாகவே நம் கண்ணை வந்தடையும். ஒவ்வொரு தகடும் தனிப்படம். படியெடுக்கும் நெகட்டிவ் கிடையாது. உடைந்தால் போயிற்று. அன்றாடம் நாம் குழம்பிலிடும் கிழங்கின் மாவிலிருந்து வானவில் பிறந்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவர் நம்புவதில்லை!

இத்தகட்டைக் கையாள்வதில் கூர்தெல்மோன் வல்லவரானார். கீழை நாட்டுக் காட்சிகளைத் திரையில் வண்ணமாக ஒளிபெறச் செய்து அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பாரிசில் பெரும் வரவேற்புப் பெற்றன. 1911இல் மோந்மார்த்ர் தெருவில் வண்ணப்பட மாளிகை ஒன்றையே திறந்தார். கண்காட்சிக் கூடமும் ஆய்வுக்கூடமும் சொற்பொழிவு அரங்கமும் அதில் இருந்தன.

மூன்றே ஆண்டுகளில் போர் மூண்டது. 1914 செப்டம்பரில் செர்மானியப் படைகள் பாரிசின் வாயில்வரை வந்து மார்ன் ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்தப்பட்டன. அக்களத்தின் ஒரு பகுதி அவர் பிறந்த மாவட்டத்திலேயே அமைந்தது. உலகெங்கும் அழகைத் தேடிச் சென்றவரின் சொந்த மண்ணே சுடுகாடாயிற்று. அப்போது அவருக்கு வயது 51. கருவியையும் தகடுகளையும் எடுத்துக்கொண்டு களங்களை நோக்கிப் புறப்பட்டார்.

அங்கே மடிந்தோர் பிரெஞ்சுக்காரர் மட்டுமல்லர். செப்டம்பர் 5ஆம் நாள் மோ நகரை அடுத்த பான்ஷார் குன்றில் மொராக்கோ வீரர்கள் போரிட்டனர். அடுத்த நாள்களில் அண்டை ஊர்களில் அல்ஜீரியாவிலிருந்து வந்த படைப்பிரிவு பொருதது. கூர்தெல்மோன் வளர்ந்த மண்ணின் மைந்தர்கள், அவர் பிறந்த மண்ணைக் காக்க வந்து அங்கேயே அடக்கமாயினர். தாம் குடிமக்களாக மதிக்கப்படாத ஒரு நாட்டிற்காக அவர்கள் உயிர் துறந்தனர். பிரெஞ்சு வரலாற்று நூல்கள் இதனை உரிய அழுத்தத்துடன் எழுத நெடுங்காலம் ஆயிற்று.

ஆட்டோகுரோம் தகட்டுக்கு ஒரு பெருங்குறை உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தைவிடப் பன்மடங்கு நேரம் அதற்கு ஒளி வேண்டும். நல்ல வெயிலிலும் ஒரு நொடியோ அதற்கு மேலோ எதுவும் அசையாதிருத்தல் வேண்டும். ஆகவே பாய்ந்தோடும் வீரனையும் வெடித்துச் சிதறும் குண்டையும் அதில் பிடிக்க இயலாது. தாக்குதல் அடங்கிய பின்னரே அவரால் படமெடுக்க முடிந்தது. இடிந்த ஊர்களும் கூரையிழந்த தேவாலயங்களும் புது மண்மேடுகளும் அசையாது நின்ற வீரர்களுமே அவருக்குக் கிடைத்த பொருள்கள்.

ஆயினும் குறையே நிறையாயிற்று என்பேன். படைவீரனின் நாள்களுள் போரிடும் நேரம் சிறிது. காத்திருக்கும் நேரமே பெரிது. கஞ்சி காய்ச்சுதல், துணி உலர்த்துதல், வீட்டுக்குக் கடிதம் எழுதுதல், அடுத்த கட்டளையை அஞ்சி எதிர்நோக்குதல் ஆகியவையே அவன் வாழ்க்கை. விரைவான கருவிகள் வீரத்தைத் தேடின. மெதுவான இத்தகடு காத்திருப்பைக் கண்டது. வெளிர்நீல மேலங்கி சேற்றில் தோய்ந்து மங்குவதும் வெயிலில் கன்றிய முகம் சிவப்பதும் வண்ணத்திலன்றி விளங்குவதில்லை. நம் புறத்திணையில் போர் முழக்கத்தினும் கையறுநிலைப் பாடல்களே நெஞ்சைத் தொடுவதைத் தமிழ் மாணவர் இங்கு நினைவுகூரலாம்.

இப்படங்களை முழு உண்மை என்று கொள்ளுதலும் தவறு. அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்த படத்தில் இயல்பு சற்றுக் குறையவே செய்யும். போர்க்காலத் தணிக்கை இருந்தது. நாட்டுப்பற்றும் அவருக்கு மிகுதி. பகைவன் செய்த அழிவைக் காட்டும் ஆர்வம் அவர் தேர்ந்த காட்சிகளில் வெளிப்படையாகவே தெரிகின்றது. ஆனால், பிற்காலத்தார் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின்மீது கணிப்பொறியால் ஏற்றும் வண்ணத்திற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அது ஊகம், இது அன்று அவ்விடத்தில் விழுந்த வெயில்.

மார்ன் களப் படங்களைப் பாரிஸ் மக்களுக்குத் திரையில் காட்டினார். 1915இல் அவற்றைப் பகுதி பகுதியாக அச்சிலும் வெளியிட்டார். தொடர்ந்து வெர்தன் களத்தையும் படமாக்கினார். 1916இல் பத்து மாதங்கள் நீண்ட அப்பெரும்போரிலும், அக்டோபர் 24ஆம் நாள் துவோமோன் கோட்டையை மீட்டதில் மொராக்கோவின் பெயர் தாங்கிய குடியேற்றப் படைப்பிரிவின் பங்கு முதன்மையானது.

போருக்குப் பின் அவர் மீண்டும் பயணியானார். 1920களில் அமெரிக்காவின் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய வண்ணப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. அப்போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றும் வகையில் பாரிசில் எழுந்த பெரிய பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டது. வெர்தன் களத்தில் அவ்வீரர்களுக்கெனத் தனி நினைவகம் அமைய 2006ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. கூர்தெல்மோன் 1931இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற கண்ணாடித் தகடுகளில் பல பாரிசில் பாதுகாக்கப்படுகின்றன. தொடர்ந்து வெளிச்சம் பட்டால் மாவுமணிகளின் சாயம் வெளுத்துவிடும் என்பதால், இத்தகைய தகடுகளை இருளிலேயே வைத்துக் காக்கின்றனர்.