திப்பு கேட்டதும், லூயி கொடுத்ததும்

கோவையில் கோட்டைமேட்டைத் தெரியாதவர் யார்? அங்கே ஒரு காலத்தில் பெரிய கோட்டை இருந்தது. 1799 வரை கோவைச் சீமையை ஆண்டவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

திப்புவின் வாளைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். பிரான்சு தேசத்துப் பீங்கானுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பைச் சிலரே அறிவார்கள்.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு, தந்தை ஹைதர் அலி 1782-ல் இறந்ததும் அரசரானார். ஆங்கிலேயரை எதிர்க்க அவருக்குத் துணை தேவைப்பட்டது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயிக்கு மூன்று தூதர்களை அனுப்பினார். 1787-ல் புதுச்சேரியில் கப்பல் ஏறிய அவர்கள், 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் மன்னரைக் கண்டார்கள்.

திப்பு படை உதவி கேட்டார். அதோடு நிற்கவில்லை. பீரங்கி வார்ப்பவர், கடிகாரம் செய்பவர், கண்ணாடி செய்பவர், பீங்கான் செய்பவர் ஆகியோரையும் அனுப்பும்படி கேட்டார். தொழில் தம் நாட்டிலேயே வளர வேண்டும் என்பது அவர் ஆசை.

மண் பொன்னான கதை

பாரிஸ் அருகே செவ்ர் என்னும் ஊரில் லூயி மன்னருக்குச் சொந்தமான பீங்கான் தொழிற்சாலை இருந்தது. சீனர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்திய வெண்களிமண், பிரான்சில் 1760-களில்தான் லிமோஜ் நகருக்கு அருகே கிடைத்தது. அந்த மண்ணைப் பிசைந்து, உருவாக்கி, கடும் சூட்டில் சுடுவார்கள். பிறகு வண்ணமும் தங்கமும் தீட்டி மீண்டும் மீண்டும் சூளையில் வைப்பார்கள். ஒரு சூட்டில் பிசகினாலும் அத்தனை உழைப்பும் வீண். அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை!

தூதர்கள் அந்தத் தொழிற்சாலையையும் பார்த்தார்கள். திப்புவுக்குப் பரிசாக அழகிய செவ்ர் பீங்கான்களை லூயி கொடுத்தனுப்பினார். கைத்தொழிலாளர் சிலரும் உடன் வந்தார்கள். படை மட்டும் வரவில்லை.

1789-ல் தூதர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்தது. 1793-ல் லூயியின் தலை வெட்டப்பட்டது.

இங்கே, 1792-ல் திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். சேலம் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பெற்ற மக்கள் இருவரைப் பிணையாகக் கொடுத்தார். 1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் போரிட்டு மாண்டார். கோவையும் கம்பெனியார் வசமாயிற்று.

பீங்கானைக் கொடுத்த மன்னரும் இல்லை. பெற்ற மன்னரும் இல்லை. ஆனால் அழகிய பொருளை வாங்கி வைப்பதைவிட, அதைச் செய்யும் தொழிலைக் கற்பதே நாட்டுக்குச் செல்வம் என்று திப்பு அன்றே கண்டுகொண்டார். ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த கோவை மக்களுக்கு அதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?