நின்றுபோன முள்ளும் ஜி.டி.நாயுடுவின் முதல் மோட்டார் சைக்கிளும்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பழைய வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சில வீடுகளிலாவது தார்ப்பாய் போர்த்திய ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் தூங்கிக்கொண்டிருக்கும். தாத்தா ஓட்டின 125 சிசியோ, 175 சிசியோ. அதைத் தூசி தட்டி ஓடவைக்கணும்னு உங்களுக்கும் ஓர் ஆசை இருக்கலாம். எனக்கு இருந்தது. இன்ஜினை எப்படியாவது கிளப்பிவிடலாம், பெயின்ட் அடித்துவிடலாம். மாட்டிக்கொள்வது ஸ்பீடாமீட்டரில்தான்.

எங்கள் வண்டியில் முள் அசையவே இல்லை. கழற்றி ஒரு கடையில் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பளபளவென்று வந்தது. டயல் புதுசு, கண்ணாடி புதுசு, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் ஐந்தும் பூஜ்ஜியம். தாத்தா 20 வருஷம் ஓட்டின தூரம் ஒரு வாரத்தில் காணாமல் போயிருந்தது. பழைய டயலைக் கேட்டால், குப்பையில் போட்டாச்சு என்றார்கள். தப்பு என்னுடையதும்தான். நானே திறந்து பார்த்திருக்கலாம். பயம்!

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் ஜி.டி.நாயுடு ஞாபகம் வந்தது. கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் இருக்கிறதே, அதற்கு இவர் பெயர்தான். அதில் வண்டியை விரட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோமோ இல்லையோ, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1893 மார்ச் 23. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமம். விவசாயக் குடும்பத்தில் பிறந்த துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிய கதையை ஊரே சொல்லும். படிப்பு அதோடு சரி. வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன், ஒருநாள் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டான். மாடு இல்லாமல், பெடல் மிதிக்காமல் தானாக ஓடுகிற ஒரு வண்டி. அதன்பிறகு பையனுக்குத் தூக்கமில்லை.

அது ரட்ஜ் கம்பெனி வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துச் சைக்கிள் கம்பெனி அது. மோட்டார் சைக்கிள் விற்க ஆரம்பித்ததே 1911-ல்தான். அதாவது, துரைசாமி பார்த்தது அன்றைக்கு உலகத்துக்கே புதுசு. விலைக்கு வாங்கக் கையில் காசில்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, டேபிள் துடைத்துச் சேர்த்த சில நூறு ரூபாயில் அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. மொத்த வண்டியையும் கழற்றிப் போட்டார். சொல்லித்தர ஆள் கிடையாது. கழற்றினார், பார்த்தார், திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய காலேஜ். மெக்கானிக் ஆனதும் அப்படித்தான்.

இங்கே ஒரு விஷயம். அந்தக் காலத்து வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் பெரும்பாலும் கூடவே வராது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மீட்டருக்கான வழி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1902-ல் ஓட்டோ ஷுல்ஸ் என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கினார். சக்கரத்திலிருந்து வரும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் அதை ஒட்டி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்ற, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுக்கும். இந்த இழுபறியைத்தான் முள் நமக்குக் காட்டுகிறது. அவ்வளவுதாங்க. இதற்குப் போய் பயந்தேனே!

சரி, நாயுடுவிடம் திரும்புவோம். நடுவில் திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து சம்பாதித்தார். பம்பாய் போய் அதே பருத்தியில் விட்டார். 1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் கை கொடுப்பில் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ் ஆகி, யு.எம்.எஸ் என்ற பெரிய நிறுவனமானது. பஸ் முதலாளியாகவே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் கழற்றிப் பார்க்கிற கை சும்மா இருக்குமா? பேட்டரியில் ஓடும் ‘ரசாந்த்’ ஷேவிங் ரேஸர், பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று வரிசையாக வந்தன. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். இன்றைக்கு உங்கள் வீட்டுக் கிணற்றில் ஓடுகிற மோட்டார் கோவையில் செய்ததாக இருந்தால், கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1945-ல் அவர் முயற்சியில், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி வந்தது. நாயுடுவே முதல்வர். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டுவிட்டார். ஒரு வண்டியைப் பிரித்தே இன்ஜினீயர் ஆனவருக்கு நான்கு வருஷம் நீளமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர். 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. வரிக் கொள்கை மீதும் கோபம். அந்த 1950-களில் தான் செய்த ரேடியோக்களையும் மற்றப் பொருள்களையும் ஊர் பார்க்கப் போட்டு உடைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. கோபம் நியாயம்தான்; ஆனால் உடைத்தது உடைந்ததுதானே? குப்பைக்குப் போன என் டயல் மாதிரி. 1974 ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார். மிஞ்சியவற்றில் பலவற்றை அவிநாசி சாலையில் உள்ள அவருடைய கண்காட்சியில் பார்க்கலாம். கோவை போனால் விட்டுவிடாதீர்கள்.

சரி, என் வண்டிக்கு என்ன ஆச்சு? புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, ஒரு பழைய ஸ்மித்ஸ் மீட்டர் பிடித்தேன். உங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தால், திறப்பதற்கு முன் டயலைப் படியுங்கள். 125 சிசி வண்டியில் 120 மைல் வரை எண் இருந்தால் அது வேறு வண்டியுடையது. நம் நாடு 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் முறைக்கு மாறியது. அதனால் மைல் டயலா, கிலோமீட்டர் டயலா என்பதே வண்டியின் வயதுக்கு ஒரு தடயம். டயலில் 1600 என்று குட்டியாக அச்சிட்டிருந்தால், ஒரு மைலுக்குக் கேபிள் 1600 சுற்று சுற்ற வேண்டும் என்று அர்த்தம். கேபிளின் மீட்டர் பக்க முனையைக் கழற்றி, வண்டியை 33 அடி தள்ளுங்கள். பத்துச் சுற்று வந்தால் உங்கள் வண்டிக்குப் பொருந்தும். கேபிளின் மேல்முனையில் மட்டும் கிரீஸ் வைக்காதீர்கள். அது மீட்டருக்குள் ஏறிவிடும். எண்களில் மங்கிய பழுப்புப் பூச்சு இருந்தால் சுரண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர நிஜ ரேடியமே பூசினார்கள்; இது பஸ்ஸில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் இல்லை.

டேபிளில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றியதும் போனில் படம் எடுத்து, இந்த முறை நானே திறந்தேன். உறைந்து கட்டியாகிப்போன கிரீஸ்தான் பிரச்னை. துடைத்து மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. டயலில் இரண்டு கீறல்கள், அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா பரணிலிருந்து தாத்தாவின் டைரியை எடுத்துவந்தார். கடைசியாகப் பெட்ரோல் போட்ட நாளில் மீட்டர் எண்ணைக் குறித்திருந்தார் தாத்தா: 27,418. எண் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அதையே வைத்து மூடினேன். லஸ் முனையிலிருந்து கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தேன். 30-ஐத் தாண்டினால் முள் கொஞ்சம் ஆடுகிறது. 27,419 ஆகிவிட்டது.